பல்லில் அடைத்த பாதரசம்

(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



சென்ற மாதம் எம் தங்கை மகள் எம்மிடம் வந்து, "மாமா, என் கடைவாய்ப் பற்கள் மூன்றிலும் அடைத்திருப்பது பாதரசமாம், அது விஷமாம். பிள்ளை பிறக்குமுன் மூன்றையும் தோண்டி எடுத்துவிடப் போகிறேன்" என்றாள். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். நாஞ்சினாட்டில் நம்மவர் வீடுகள் பலவற்றிலும் இவ்வச்சம் பரவி வருதலால், அவளுக்குச் சொன்ன விடையை இன்று உங்கள் முன் விரித்துரைக்கத் துணிந்தோம்.

முதற்கண் வஸ்துவை அறிவோம். பல்லில் வெள்ளி நிறமாய்த் தோன்றிப் பின் கறுக்கும் அவ்வடைப்பின் எடையில் ஏறக்குறையப் பாதி பாதரசம். எஞ்சியது வெள்ளி, வெள்ளீயம், செம்பு முதலியவற்றின் பொடி. இவை கலந்து இறுகியபின் பாதரசம் அவ்வுலோகங்களோடு பிணைந்து நிற்கிறது. மெல்லும்போதும் பல்லை நெறிக்கும்போதும் சிறிது ஆவி வெளிப்படுதல் மெய்யே. ஆயினும் அது சொற்பம். அவ்வடைப்பை யந்திரத்தால் துளைக்கும்போதோ, சூடேறி ஆவியும் தூளும் ஒருங்கே எழுகின்றன. விஷத்துக்கு அஞ்சி அதனைத் தோண்டுவோர், தாம் அஞ்சிய பொருளையே அச்சமயத்தில் மிகுதியாக மூச்சில் ஏற்க நேரும்.

இதற்கு உவமை தேடித் தூரதேசம் போக வேண்டுவதில்லை. கோடைக்கானலில் உஷ்ணமானி செய்த தொழிற்சாலையொன்று 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிகள் மூஞ்சிக்கல்லில் பழஞ்சாமான் கிடங்கொன்றில் குவிந்து கிடந்ததே அதற்குக் காரணமாயிற்று. குழாய்க்குள் அடங்கியிருந்தவரை காய்ச்சலை அளந்து உதவிய பொருள், உடைந்து சிதறியபின் ஊருக்கே கவலையாயிற்று.

அமெரிக்க அரசாங்கத்தின் உணவு மருந்து நிர்வாகம் 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் இரண்டு யோசனைகள் கூறிற்று. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், ஆறு வயதுக்குட்பட்ட சிறுவர், நரம்பு நோயினர், சிறுநீரகம் குன்றியோர் முதலியவர்க்கு இவ்வடைப்பைப் புதிதாக வைப்பதை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்பது ஒன்று. பழுதற்ற பழைய அடைப்பை, மருத்துவத் தேவையின்றி அகற்ற வேண்டா என்பது மற்றொன்று. அகற்றுங்கால் ஆவி மிகுவதோடு, நல்ல பல்லிலும் ஒரு பங்கு அழிந்துபோம்.

ஆனால் அடைப்பு உடைந்தாலும், அதனடியில் சொத்தை விழுந்தாலும், பாதரசம் உடம்புக்கு ஒவ்வாதென்று வைத்தியர் கண்டாலும் எடுத்தே ஆகவேண்டும். அப்போது பல் வைத்தியரிடம் கூச்சமின்றிக் கேட்க வேண்டுவன சில உள. பல்லைச் சுற்றி ரப்பர்த் திரை கட்டுவாரா? தண்ணீரைத் தாராளமாய்ப் பாய்ச்சுவாரா? தூளாக்காமல் பெருந்துண்டுகளாக வெட்டி எடுப்பாரா? வலிய உறிஞ்சு குழாய் உண்டா? அறையில் காற்றோட்டம் உண்டா? எடுத்த துண்டுகளை மூடிய பாத்திரத்தில் சேர்ப்பாரா?

கடைசிக் கேள்வி நம் அனைவருக்கும் உரியது. சாக்கடையில் விட்டது வாய்க்காலையும் பழையாற்றையும் கடந்து மணக்குடிக் காயலைச் சேரக்கூடும். நீரடிச் சேற்றில் நுண்ணுயிர்கள் பாதரசத்தை வேறொரு கொடிய உருவமாக மாற்ற, அது மீனில் சேர்ந்து நம் உணவுக்கே திரும்பும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-ஆம் ஆண்டு வெளிப்பட்ட நோய், ஆலைக்கழிவில் வந்த அவ்வுருவப் பாதரசத்தால் விளைந்ததே. அவ்வூரின் பெயரால் 2013-ஆம் ஆண்டில் ஏற்பட்ட சர்வதேச உடன்படிக்கையை இந்தியா 2018-ஆம் ஆண்டில் உறுதி செய்தது. பாதரசப் பல்லடைப்பைப் படிப்படியாகக் குறைப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று.

எம் மருமகளைப் பல் வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். இரண்டு அடைப்புகள் பழுதற்றவை. ஒன்றன் விளிம்பு சிறிது பெயர்ந்திருந்தது. வலியில்லாமையால் அதனைப் பிரசவத்துக்குப் பின் பார்க்கலாமென்றார். வலியோ வீக்கமோ கண்டால் காத்திராமல் வரும்படியும் சொன்னார். அன்றிரவு அவள் நிம்மதியாய் உறங்கினாள்.

அன்பர்களே! விஷமென்ற சொல்லைக் கேட்டவுடன் ஓடுதலும் பேதைமை. விஷமில்லையென்று அசட்டையாய் இருத்தலும் பேதைமை. விசாரித்துச் செய்வதே விவேகம். நம் குழந்தைகளுக்கு இருவேளையும் பல் துலக்கும் வழக்கத்தைப் பழக்கி, தின்பண்ட இனிப்பைக் குறைத்து, அடைப்பே வேண்டாத பற்களை அவர்களுக்கு அளிப்போமாக.