கெட்டிக்காரப் பிள்ளைக்குக் கூடுதல் பாடம்

(தில்லியில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

காரியதரிசி எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். சர்க்காரில் முப்பத்தைந்து வருஷம் நீளமான குறிப்புகள் எழுதியவனுக்கு இது சிரமம்தான், முயல்கிறேன்.

மயூர் விஹாரில் எங்கள் பிளாக்கில் ஒரு பிள்ளையாண்டான். தில்லி பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்ஸி. ஆனர்ஸ், பௌதிகம். வகுப்பில் நடத்துவதெல்லாம் அவனுக்கு முன்பே தெரியும். "மாமா, கிளாஸுக்கே போகமாட்டேங்கறான். நீங்களும் பிஸிக்ஸ் படிச்சவர்தானே, கூடுதலா ஏதாவது கொடுங்கோளேன்" என்றாள் அவன் தாயார்.

நான் செய்த முதல் காரியமே தப்பு. இரோடோவ் புத்தகத்திலிருந்து இருநூறு கணக்குகளைக் குறித்துக் கொடுத்தேன். மூன்று வாரத்தில் முடித்து, கொட்டாவி விட்டபடி நோட்டைத் திருப்பித் தந்தான். சாம்பார் சாதம் அலுத்தவனுக்கு இன்னொரு கரண்டி சாம்பார் சாதமே போட்ட கதை.

பிறகுதான் ஸர் சி.வி. ராமன் ஞாபகம் வந்தார். சென்னை பிரஸிடென்ஸி காலேஜில் அவர் எம்.ஏ. படித்தபோது, பேராசிரியர் ஜோன்ஸ் அவரை வகுப்புக்கு வரும்படி கட்டாயப்படுத்தவில்லை. சோதனைச் சாலையில் இஷ்டப்படி வேலை செய்ய விட்டார். அங்கே ஒளியைப் பற்றிச் செய்த பரிசோதனை 1906 நவம்பரில் லண்டன் 'ஃபிலசாஃபிகல் மேகஸின்' பத்திரிகையில் கட்டுரையாக வந்தது. ராமனுக்கு வயது 18. (மறு வருஷமே அவரும் நம்மைப்போல் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போனார், நிதி இலாகாவில். அது வேறு கதை.) லயோலாவில் ஃபாதர் ரசீன், பாடத்திட்டத்தில் இல்லாத புதிய கணிதத்தை சி.எஸ். சேஷாத்ரி, எம்.எஸ். நரசிம்மன் போன்ற மாணவர்களுக்குக் காட்டினார். இருவரும் 1953-ல் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார்கள்.

ஜோன்ஸ் புதிதாக எதையும் சுமத்தவில்லை, சுமையைக் குறைத்தார் என்பதைக் கவனியுங்கள். இதைப் பையனின் ஆசிரியையிடம் சொன்னேன். "வருகைப் பதிவில் கை வைக்க முடியாது சார். ஆனால் அவனுக்குத் தெரிந்த வீட்டுப்பாடத்தை விட்டுவிடலாம்" என்றார். அதற்குப் பதில் ஒரே ஒரு கேள்வி. பெண்டுலம் சிறிதாக ஆடும்வரை, எவ்வளவு ஆடினாலும் நேரம் மாறாது என்று புத்தகம் சொல்கிறது. 60 டிகிரி வரை இழுத்து விட்டால் என்ன ஆகும்? அளந்து, நாலு பக்கம் எழுதி வா. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரைமணி பேசலாம்.

கணக்குப்படி நேரம் சுமார் 7.3 சதவீதம் கூட வேண்டும். பையனுக்கு 15 வந்தது! பால்கனியில் துணி உலர்த்தும் கம்பியில் கட்டி, ஒரே ஓர் ஆட்டத்தை ஸ்டாப்வாட்சில் எடுத்திருக்கிறான். ஒரு மீட்டர் நூலுக்கு ஓர் ஆட்டம் இரண்டு விநாடி. அதில் 7 சதவீதம் என்பது நம் விரல் தாமதிக்கும் நேரத்தைவிடக் குறைவு. ஆசிரியை ஓரத்தில் இரண்டே கேள்வி எழுதினார்: "கம்பி ஆடவில்லையா? விரல் எவ்வளவு தாமதம்?"

பிறந்ததிலிருந்து தப்பே செய்யாத பிள்ளை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தாயாருக்கு என் மேல் கோபம். "இதுக்கு மார்க்காவது உண்டா மாமா?" கிடையாது என்றேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நான் செய்தது சரிதானா என்று எனக்கும் ராத்திரி தூக்கம் வரவில்லை.

பையனே யோசித்தான். பத்து ஆட்டத்தைச் சேர்த்து அளந்தால் விரல் பிசகு குறையும். ஆனால் அதற்குள் ஆட்டமே 60 டிகிரியிலிருந்து இறங்கிவிடும். கடைசியில் கூடத்து ஊஞ்சல் கொக்கியில் கட்டி, கைபேசியில் படம் பிடித்து, ஃபிரேம்களை எண்ணினான். அடுத்த கட்டுரை நாலு பக்கம் இல்லை, பதினொன்று. அதில் மூன்று பக்கம் முதல் தடவை எங்கே தப்பினான் என்பதைப் பற்றி.

விடை 7-க்குக் கொஞ்சம் மேல். மீதி எங்கே போயிற்று என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறான். ஊஞ்சல் பலகையை இன்னும் மாட்டவிடவில்லை என்று தாயார் நேற்றும் புகார் சொன்னாள்.