மணிலாவில் ஒரு கடன் சோறு

(நமது சங்கத்தின் குடும்ப விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



வெளிநாடு போய் வந்த அனுபவத்தைப் பேசச் சொன்னார்கள். எரிமலையும் கடற்கரையும் யூடியூபில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நான் ஒரு சாப்பாட்டுக் கடையைப் பற்றிப் பேசுகிறேன்.

2023-ல் பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில், மகன் வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன். மகனும் மருமகளும் காலையில் ஆபீஸ் போனால் இரவுதான் வருவார்கள். மனைவி போன பிறகு எனக்கு மட்டும் சமைத்துச் சாப்பிடப் பிடிப்பதில்லை. முதல் வாரம் மாலில் சாப்பிட்டேன். ஒரு வேளைக்கு 300 பெசோ. ஒரு பெசோ சுமார் ஒன்றரை ரூபாய். மதியச் சாப்பாட்டுக்கு 450 ரூபாயா என்று மனசு அடித்துக்கொண்டது.

பிறகுதான் பக்கத்துச் சந்தில் ஒரு ‘கரிந்தேரியா’ கண்ணில் பட்டது. வீட்டு முன்பக்கத்தில் தகரக் கூரை, ஒரு பெஞ்சு, மூடி போட்ட ஏழெட்டுப் பாத்திரங்கள். மெனு கார்டு கிடையாது. மூடியைத் திறந்து பார்த்து, வேண்டியதை விரலால் காட்ட வேண்டும். அதனால் இப்படிப்பட்ட கடைக்கு ‘தூரோ தூரோ’, அதாவது ‘காட்டு காட்டு’ என்றே ஒரு பெயர். பாஷை தெரியாத எனக்கு அது பெரிய சௌகரியம்.

வினிகர், சோயா சாஸ், பூண்டு, மிளகு போட்டு வேகவைத்த கோழி அடோபோ இருக்கும். எனக்குப் பிடித்தது சினிகாங். புளித் தண்ணீரில் மீனும் முள்ளங்கியும் கீரையும் கொதிக்கும்; நம் ரசத்துக்குத் தூரத்துச் சொந்தம். வெள்ளிக்கிழமை என்றால் பாசிப்பயறு. அதில் முருங்கைக்கீரை. அவர்கள் அதை ‘மலுங்காய்’ என்கிறார்கள்! ஒரு கறி 40, சோறு 15, மொத்தம் 55 பெசோ. பாதி அளவும் கேட்கலாம்.

கடைக்கார அம்மாவை எல்லோரும் ‘ஆத்தே’ என்பார்கள். அக்கா என்று அர்த்தம். நான் அவருக்கு ‘லோலோ’, தாத்தா. முதல் நாள் தயங்கித் தயங்கி, “நீங்கள் ஃபைவ்-சிக்ஸ் ஆளா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். 5 வாங்கினால் 6 திருப்பித் தர வேண்டிய கடன் அது. மோட்டார் சைக்கிளில் வந்து வசூலிக்கும் அந்தத் தொழிலில் நம் நாட்டுக்காரர்கள், முக்கியமாகப் பஞ்சாபிகள், நிறைய இருக்கிறார்கள். அவர் கடைக்கு முதலும் அதுதான். ஒரு மாதத்தில் கட்டி முடிக்க வேண்டுமாம். மாதம் 20 சதவீதம் வட்டி!

ஒருநாள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது, பர்ஸை மறந்து வந்திருக்கிறேன். கூசிப்போனேன். அவர் ஒரு பழைய நோட்டை எடுத்து, ‘லோலோ, 55’ என்று எழுதினார். பெயர் கேட்கவில்லை, முகவரி கேட்கவில்லை. பேங்கில் பாதி சர்வீஸ் கடன் பிரிவில் இருந்தவன் நான். ஜாமீன் இல்லாமல் நூறு ரூபாயைக்கூட நகர விட்டதில்லை.

மறுநாள் காலையிலேயே போய்க் கொடுத்தேன். பேனாவால் ஒரு கோடு போட்டு அடித்தார். அந்தப் பக்கம் முழுக்கப் பெயர்கள்: காவலாளிகள், டிரைசைக்கிள் ஓட்டுபவர்கள், கட்டட வேலைக்காரர்கள். சம்பளக்காரர்கள் 15-ம் தேதியும் 30-ம் தேதியும், சம்பளம் வந்ததும் கட்டுவார்களாம். “எல்லோரும் கட்டிவிடுகிறார்களா?” என்றேன். “சிலர் தர மாட்டார்கள், லோலோ. தருகிறவர்கள் தினமும் வருகிறார்களே” என்றார். வட்டிக்கு வாங்கி வட்டியில்லாமல் கொடுக்கிற அந்தக் கணக்கு, நான் பி.காம். படித்தபோது எந்தப் பாடத்திலும் வரவில்லை.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. நம் கேட் வாசலில் இருக்கும் இட்லிக் கடையை எடுக்க வேண்டும் என்று அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வருகிறது. நம் வாட்ச்மேனும் வீட்டு வேலைக்கு வருகிறவர்களும் காலையில் அங்கேதான் சாப்பிடுகிறார்கள். அந்த அக்காவிடமும் அப்படி ஒரு நோட்டு இருக்கிறது, பார்த்திருக்கிறேன். குப்பையும் நெரிசலும் பிரச்சினை என்றால் பேசித் தீர்ப்போம், கடையைப் பத்தடி தள்ளிப் போடச் சொல்வோம். எடுக்கச் சொல்ல வேண்டாம் என்பது என் வேண்டுகோள். கை தூக்குவதற்கு முன் ஒருநாள் அங்கே நாலு இட்லி சாப்பிட்டுப் பாருங்கள்.