ஐந்தாவது குருவி



இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் இயேசு ஒரு சந்தைக் கணக்கைச் சொல்கிறார். மத்தேயு நற்செய்தியில் ஒரு காசுக்கு இரண்டு குருவிகள். இன்று நாம் கேட்ட லூக்கா நற்செய்தியிலோ இரண்டு காசுக்கு ஐந்து. இரண்டு காசுக்கு நான்குதானே வரவேண்டும்? ஐந்தாவது குருவி கொசுறு. காய்கறிக் கடையில் கடைசியாகக் கொஞ்சம் கறிவேப்பிலையைப் பையில் போடுகிறார்களே, அதுபோல. விலையே இல்லாத அந்தக் குருவியையும் கடவுள் மறப்பதில்லை என்கிறார் ஆண்டவர். மனிதர் குருவிகளைவிட மேலானவர்கள் என்பதையும் அடுத்த மூச்சிலேயே சொல்கிறார். இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்ள வேண்டும்.

நம் தெருவில் அந்த ஐந்தாவது குருவி யார் என்று கேட்டால், தெருநாய் என்றுதான் நான் சொல்வேன். சிலருக்கு இது எரிச்சலாக இருக்கும். பிள்ளையை டியூஷனுக்கு அனுப்பவே பயமாக இருக்கிறது, சாமியார் நாய்க்காகப் பிரசங்கம் வைக்கிறாரே என்று நினைப்பீர்கள். அந்தப் பயம் நியாயமானது. வெறிநோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ மிளகாய்ப் பொடியோ அப்ப வேண்டாம். நேராக அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். சொல்லவேண்டிய எல்லா ஊசியையும், தேதி தவறாமல்.

பிள்ளைகள் பயமில்லாமல் நடக்கவேண்டும் என்பதில் நமக்குள் சண்டையே இல்லை. எதைச் செய்தால் அது நடக்கும் என்பதுதான் கேள்வி. "எல்லாவற்றையும் பிடித்துக் கொன்றுவிட்டால் தீர்ந்தது" என்று பலர் சொல்கிறார்கள். சென்னை அதை நூறு ஆண்டுகளுக்கு மேல் செய்து பார்த்த நகரம். 1860-இல் தொடங்கி மாநகராட்சி நாய்களைக் கொன்றுவந்தது; பிற்காலத்தில் கூண்டில் அடைத்து மின்சாரம் பாய்ச்சியே கொன்றது. 1995-இல் ஒரு நாளைக்கு 135 நாய்கள் வரை கொல்லப்பட்டன என்பது புளூ கிராஸ் அமைப்பினர் சொல்லும் கணக்கு. இறந்த நாய்களின் தோலில் கழுத்துப்பட்டையும் பர்சும் செய்து பார்க்கும் அளவுக்கு எண்ணிக்கை இருந்ததாம். இவ்வளவு கொன்ற பிறகும் நாய்கள் குறையவில்லை. குப்பைத்தொட்டி அப்படியே இருக்கிறதே! ஒரு தெருவைக் காலி செய்தால் பக்கத்துத் தெரு நாய் அங்கே வந்துவிடும். வருவது தடுப்பூசி போடாத புது நாயாகவும் இருக்கும்.

கொல்ல வேண்டாம், கருத்தடை செய்யுங்கள் என்று புளூ கிராஸ் 1964-லிருந்து கேட்டுவந்தது. 1996-இல்தான் மாநகராட்சி கொல்வதை விட்டு அந்த வழிக்கு வந்தது. நாயைப் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அடையாளமாகக் காதில் சிறு வெட்டு வைத்து, பிடித்த இடத்திலேயே விடுவது அந்த வழி. அதன்பின் நகரில் வெறிநோய்ச் சாவுகள் குறைந்தன. 2001-இல் இந்தியா முழுமைக்கும் இதுவே விதியானது. ஒரு கேள்வியை முப்பது ஆண்டுகள் சலிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்களே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

"சரி சாமி, கொல்ல வேண்டாம், காப்பகத்தில் அடைத்துவிடலாமே" என்பார்கள் சிலர். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஒரு நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வாழும். நூறு கூண்டு கட்டினால் சில வாரங்களில் நூறும் நிறைந்துவிடும். நூற்றியோராவது நாய் வாசலில் வந்து நிற்கும்போது எதைக் கொல்வது என்ற கேள்வி வரும். அமெரிக்காவில் அதுதான் நடந்தது. 1970-களில் அங்குள்ள காப்பகங்களில் ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட நாய், பூனைகள் கொல்லப்பட்டதாக மதிப்பிடுகிறார்கள். இப்போது அது பத்து லட்சத்துக்கும் கீழே இறங்கியிருக்கிறது. வழிகாட்டிய ஊர்களில் ஒன்று, நம் புனித பிரான்சிஸ் அசிசியாரின் பெயரைத் தாங்கிய சான் பிரான்சிஸ்கோ. 1994-இல் அங்கே விலங்கு வதைத் தடுப்புச் சங்கமும் நகரின் விலங்குத் துறையும், தத்துக் கொடுக்கத்தக்க நல்ல நிலையிலுள்ள எந்த நாயையும் பூனையையும் கொல்வதில்லை என்று உடன்படிக்கை செய்துகொண்டன. குறைந்த செலவில் கருத்தடை, தற்காலிகமாக வைத்து வளர்க்கும் வீடுகள், தேடிப்போய்த் தத்துக் கொடுத்தல் என்று பாடுபட்டுத்தான் அதைக் காப்பாற்றினார்கள்.

காப்பகக் கொலைக்கு நாம் வைத்திருக்கும் பெயர் கருணைக்கொலை. இந்தப் பெயர் எனக்கு உறுத்துகிறது. லாரியில் அடிபட்டு முதுகெலும்பு நொறுங்கி, பிழைக்க வழியில்லாமல் கதறுகிற நாயின் வேதனையைக் கால்நடை மருத்துவர் முடித்துவைப்பதில் கருணை இருக்கிறது. அதைத் திருஅவை பாவம் என்று சொல்லவில்லை. மனித உயிரின் கதை வேறு, அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிற நல்ல நாயைக் கூண்டு போதவில்லை என்பதற்காகக் கொல்வதில் கருணை எங்கே இருக்கிறது?

கூண்டு நிறைவது காப்பகத்தில் தொடங்குவதில்லை. நம் வீட்டு வாசலில் தொடங்குகிறது. நாய் குட்டி போட்டால் கடுவன் குட்டிகளை உறவுக்காரரும் பக்கத்து வீட்டாரும் கேட்டு வாங்கிப் போகிறார்கள். பெட்டைக் குட்டிகளை யாரும் கேட்பதில்லை. அவை சாக்குப் பைக்குள் போய், மார்க்கெட் பக்கமோ ரயில்வே கேட் பக்கமோ இறக்கப்படுகின்றன. சில நேரம் கோயில் வளாகத்திலும்தான். சாமியார் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை போலும்! எறியப்படுபவை எல்லாம் பெட்டை. பிழைக்கும் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு இரண்டு முறைகூட ஈனும், ஒரு ஈற்றில் நான்கு, ஆறு என்று. நாமே தெருவை நிறைத்துவிட்டு, மாநகராட்சி என்ன செய்கிறது என்று கேட்கிறோம். இன்னொரு பக்கம் பல்லாயிரம் கொடுத்து லாப்ரடார் குட்டி வாங்கி, அது கிழடாகி நோயில் விழுந்ததும் காரில் ஏற்றிப் போய்ப் புறவழிச்சாலையில் இறக்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஏழைக்குக் கஞ்சி இல்லாதபோது நாய்க்குச் செலவா என்பதும் நியாயமான கேள்வி. மறைக்கல்வி நூல் 2418-ஆம் எண்ணில் இதற்குப் பதில் இருக்கிறது. விலங்குகளைத் தேவையில்லாமல் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கு முரண். மனிதத் துயரைத் துடைக்க முதலில் போகவேண்டிய பணத்தை விலங்குகளுக்குக் கொட்டுவதும் தகாது. ஒரே எண்ணில் இரண்டும் உண்டு. லீமா நகரப் புனித மார்ட்டின் தெ போரஸ் நாள் முழுதும் நோயாளிகளுக்குப் புண் கழுவி, ஏழைகளுக்குச் சோறிட்டவர். தெருவில் காயப்பட்டுக் கிடந்த நாய்களையும் அவர் விடவில்லை. மடத்தில் இடமில்லாதபோது தம் சகோதரியின் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார் என்று வரலாறு சொல்கிறது. ஏழைக்குக் கொடுத்ததிலிருந்து எடுத்து அவர் நாய்க்குக் கொடுக்கவில்லை. அன்பு அப்படிப் பங்கு பிரிக்கிற சொத்து இல்லை.

இந்த வாரம் செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். உங்கள் தெருவில் எத்தனை பெட்டை நாய்கள் இருக்கின்றன, எத்தனையின் காதில் வெட்டு இருக்கிறது என்று இளைஞர்கள் எண்ணிப் பாருங்கள். வெட்டு இல்லாதவற்றைப் பற்றி உங்கள் நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ எழுதிக் கொடுங்கள். சென்னையில் இருப்பவர்கள் 1913 என்ற எண்ணை அழைக்கலாம். பிடிக்க வண்டி வரும்போது, தினமும் சோறு வைக்கிற அந்தப் பாட்டி பக்கத்தில் நிற்கட்டும். அவர் கூப்பிட்டால்தான் நாய் வரும். வீட்டில் வளர்க்கிறவர்கள் அடுத்த ஈற்றுக்குக் காத்திராமல் கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். குட்டி வேண்டும் என்று பிள்ளை அழுதால் கடைக்குப் போகுமுன் உங்கள் தெருமுனையைப் பாருங்கள். அங்கே ஒரு பெட்டைக் குட்டி நிச்சயம் இருக்கும்.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!