ஆட்டிசம் உடையோர்க்கான இரவல் நூலகம்: திருத்தணியை முன்வைத்து



உணவு, மருந்து, அபயம், சாத்திரம் எனத் தானங்கள் நான்கு என்பது சமண இல்லங்களில் சிறுவரும் அறிந்த செய்தி. பசித்தவர் உண்பதும் நோயுற்றவர் எழுவதும் உடனே கண்ணுக்குத் தெரியும். நூல்தானத்தின் பயன் மெல்லவே தெரியவரும். ஆயினும் அது தலைமுறை கடந்தும் நிற்கும். சீவக சிந்தாமணியைக் கும்பகோணத்துச் சமணர்கள் போற்றிப் பயின்று வந்தமையால்தான், உ. வே. சாமிநாதையர் அவர்களிடம் ஐயம் தெளிந்து, 1887-இல் அந்நூலைப் பதிப்பிக்க இயன்றது. ஏடு இருந்தது மட்டும் போதவில்லை. அதன் பொருளறிந்து எடுத்துரைப்போரும் இருந்தனர். நூலும் நூலறிந்தவரும் ஓரிடத்தில் கூடுவதே நூலகம். அத்தகைய நூலகம் ஒன்று ஆட்டிசம் உடையோர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் ஏன் வேண்டும் என்பதே இவ்வுரையின் பொருள்.

மதியிறுக்கம் என்று தமிழில் வழங்கப்பெறும் ஆட்டிசம் தொற்றும் நோயன்று. வளர்ப்பின் குற்றமும் அன்று. மூளை நரம்பு வளர்ச்சியில் அமையும் வேறுபாடு அது. பேசுதல், பிறரோடு பழகுதல், ஒலியையும் ஒளியையும் தொடுகையையும் உணர்தல் ஆகியவற்றில் அது வெளிப்படும். ஒருவரிடம் காண்பது போலவே மற்றொருவரிடமும் இராது. ஆகவே, ஒரே அறிவுரை எல்லா இல்லங்களுக்கும் பொருந்துவதில்லை. பல நூல்களும் பல கருவிகளும் தேவைப்படுவதன் காரணம் இதுவே.

நூல் காக்கவும் செய்யும். தவறான நூல் புண்படுத்தவும் செய்யும். 1943-இல் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையால் ஆட்டிசம் மருத்துவ உலகில் தனியே அறியப்பட்டது. பின்னர், தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்னும் கொடிய கருத்துப் பரவிற்று. புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் வெளியிட்ட நூல் அதற்கு மேலும் வலிமை தந்தது. ஆட்டிசம் உடைய மகனின் தந்தையாகிய பெர்னார்ட் ரிம்லண்ட் என்னும் உளவியலாளரோ, உடலியல் காரணங்களை ஆராய்ந்து, அக்கருத்தை மறுத்து 1964-லேயே நூல் எழுதியிருந்தார். காலப்போக்கில் அறிவியல் தாயரின் மீது சுமத்தப்பட்ட பழியை நீக்கிற்று. அவ்வாறே, தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்னும் அச்சத்தைக் கிளப்பிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதனை வெளியிட்ட லான்செட் இதழே 2010-இல் திரும்பப் பெற்றது. எனினும் அச்சம் முற்றும் அடங்கவில்லை. எதனை அடுக்கில் வைப்பது, எதனை நீக்குவது என்று அறிந்த நூலகர் ஒருவர் இருப்பின் எத்தனையோ குடும்பங்கள் வீண் செலவிலிருந்தும் வீண் பழியிலிருந்தும் தப்பும்.

இத்தகைய முயற்சிக்கு முன்னோடி உண்டு. 1963-இல் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோமில், சிறப்புத் தேவையுடைய குழந்தைகளின் பெற்றோர் முயற்சியால் ‘லெகோடெக்’ என்னும் விளையாட்டுப்பொருள் நூலகம் தொடங்கிற்று. குழந்தைக்கு ஏற்ற பொருளைத் தேர்ந்து, அதைக் கொண்டு விளையாடும் முறையையும் பெற்றோர்க்குக் காட்டி, இரவலாகக் கொடுத்தனுப்பினர். அம்முறை பின்னர்ப் பல நாடுகளிலும் பரவிற்று.

தமிழகத்துக்கும் இது புதிய நெறியன்று. படிப்போரைத் தேடி நூல் செல்ல வேண்டும் என்று 1931-லேயே மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டி நூலகம் ஊர்ஊராய்ச் சென்றது. அதே ஆண்டில் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்து வெளியிட்டார். படிப்பவர் ஒவ்வொருவர்க்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ‘ஒவ்வொருவர்’ என்னும் சொல்லில் பேசாத குழந்தையும் அடங்கும். 1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் பிறந்தபோது திருத்தணி அம்மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. பின் ஆந்திரத்தோடு சென்று, 1960 ஏப்ரல் 1-இல் தமிழகத்தோடு மீண்டும் இணைந்தது.

சட்டமும் மெல்லவே விழித்தது. 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைச் சேர்த்துக்கொண்டது. 21 வகைக் குறைபாடுகளைக் கூறும் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு முழு ஏற்பளித்தது. உரிமை ஏட்டில் உண்டு. அதை அறிவிக்கும் எளிய தமிழ்ச் சிறுநூல் கைக்கு எட்ட வேண்டும்.

திருத்தணியின் நிலையை எண்ணிப் பார்த்தல் தகும். சென்னை ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தொலைவு. பல்வகைக் குறைபாடுடையோர்க்கான தேசிய நிறுவனமோ சென்னைக்கும் தெற்கே முட்டுக்காட்டில் உள்ளது. கூலி வேலையை விட்டு, குழந்தையைத் தோளில் சுமந்து அங்குச் செல்லும் தாய், ‘ஆட்டிசம்’ என்னும் ஒரு சொல்லோடு வீடு திரும்பினால், மறுநாட் காலையில் என்ன செய்வது என்பதை அவருக்கு யார் சொல்வார்? விளக்கும் நூல்களிற் பெரும்பாலன ஆங்கிலத்தில் உள்ளன, விலையும் மிகுதி. எல்லையூராகிய திருத்தணியில் தெலுங்கு பேசும் இல்லங்களும் பல. ஆகவே, இங்கு அமையும் நூலகம் இருமொழியில் அமைதல் வேண்டும்.

அதற்குப் பெரிய மாளிகை வேண்டா; இரண்டு அலமாரிகள் போதும். ஒன்றில் பெற்றோர்க்கும் சிறப்பாசிரியர்க்கும் பேச்சுப் பயிற்சியாளர்க்கும் உரிய நூல்கள். டெம்பிள் கிராண்டின் போன்று ஆட்டிசம் உடையோரே தம் அகவுலகை எழுதிய நூல்களும் அங்கு இருத்தல் வேண்டும். ஏனெனில் அவர்களைப் பற்றிப் பிறர் சொல்வது பாதியே. மற்றொன்றில் படஅட்டைகள், அன்றாட வேலைகளைப் படத்தால் காட்டும் பலகை, ஒலி குறைக்கும் காதுறை, கைக்கு அமைதி தரும் பொருள்கள். காதுறை ஒரு குழந்தைக்கு உதவும். மற்றொரு குழந்தை அதைக் கழற்றி எறியும். வாங்குமுன் இரவல் பெற்றுப் பார்த்தால் ஏழைப் பெற்றோரின் பணம் வீணாகாது.

இவ்வூருக்கென்றே ஒரு சிறுநூலும் செய்யலாம். மலைக்கோயிலின் 365 படிகள், ஆடிக் கிருத்திகைக் கூட்டம், காவடி, மேளம், வரிசையில் காத்திருக்கும் நேரம் ஆகியவற்றைப் புகைப்படங்களாக அடுக்கி, அடுத்து என்ன நிகழும் என்பதை முன்பே காட்டினால், குழந்தையின் கலக்கம் குறையக்கூடும். பேருந்து நிலையம், பல் மருத்துவரிடம் செல்லுதல், பள்ளியின் முதல் நாள் ஆகியவற்றுக்கும் அவ்வாறே செய்யலாம்.

நூலகத்தின் விதிகளும் கனிவுடையனவாதல் வேண்டும். கிழிந்த பக்கத்துக்கும் கடித்த பொம்மைக்கும் தண்டம் கூடாது. வாரத்தில் சில மணிநேரம் மங்கிய விளக்கோடும் குறைந்த ஓசையோடும் திறந்திருத்தல் நன்று. ஓடித் திரியும் குழந்தையைப் பார்த்து முகம் சுளிக்காத ஒருவர் அங்கு இருத்தல் எல்லாவற்றினும் முதன்மையானது.

பிற உயிர்க்கு ஊறு செய்யாமை உயர்ந்த அறம். அறியாமையால் சொல்லும் ஒரு சொல்லும் ஊறே. “பிள்ளையை அடக்கி வளர்க்கத் தெரியவில்லை” என்று திருமண வீட்டிலும் கோயில் வாயிலிலும் கேட்கும் தாயரின் துயரம் சிறிதன்று. அச்சொல்லை ஊரிலிருந்து நீக்க வல்லது அறிவு. அவ்வறிவை இரவலாகக் கொடுப்பதும் நூல்தானமே. கொடுத்த நூல் திரும்பி வந்து, அடுத்த இல்லத்துக்கும் செல்லும்.