கம்பனியின் பேரும் நம்முடைய பேரும்
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளைக்காரன் நம் மலைகளுக்குத் தன் ஊர்ப் பெயரை வைத்தான். அக்கரப்பத்தனையில் கிளாஸ்கோ, நானுஓயாவில் எடின்பரோ. 1975இல் அரசாங்கம் கம்பனித் தோட்டங்களை எடுத்தது. ஜனவசம என்றார்கள், கூட்டுத்தாபனம் என்றார்கள். 1992இல் 22 பிராந்தியக் கம்பனிகள் வந்தன. தலவாக்கலை, பொகவந்தலாவ, மஸ்கெலியா என்று நம் ஊர்ப் பெயர்களையே பல கம்பனிகள் சூட்டிக்கொண்டன. பெயர் மலையில், தலைமையகம் கொழும்பில்!

நாட்டின் பெயரும் 1972இல் 'ஸ்ரீ லங்கா' ஆனது. தேயிலைப் பெட்டியில் மட்டும் இன்னும் 'சிலோன் டீ'. அந்தப் பெயருக்கு வெளிநாட்டில் விலை இருக்கிறது, அதனால் விடவில்லை.

லிப்டனைப் பாருங்கள். 1890இல் இங்கு வந்து தோட்டம் வாங்கியவர், 1931இல் இறந்தார். யூனிலீவர் தன் தேயிலை வியாபாரத்தைப் பிரித்து, 2021இல் 'எகாடெரா' என்று புதுப்பெயர் வைத்தது. வியாபாரம் கைமாறிய 2022ஆம் ஆண்டிலேயே அந்தப் பெயர் போய், திரும்பவும் லிப்டன் வந்தார். செத்தவர் பெயருக்கும் அவ்வளவு மதிப்பு.

நம் பேருக்கு என்ன மதிப்பு? கொழுந்து நிறை குறைந்தால் செக்ரோலில் அரைப்பேர். அடையாள அட்டையில் ஓர் எழுத்து, சேமலாப நிதிப் பதிவில் வேறு எழுத்து என்றால், ஆயுள் முழுக்க உழைத்த அம்மாவின் பணம் இழுபடுகிறது. கம்பனி முழுப்பெயரையும் மாற்றலாம், நமக்கு ஓர் எழுத்து மாறக்கூடாது!

ஒன்றை மனதில் வையுங்கள். பெயர்ப்பலகை மாறினாலும் கம்பனி அதே கம்பனிதான். அது நமக்குத் தரவேண்டிய 12 வீத சேமலாப நிதி, 3 வீத நம்பிக்கை நிதி, சேவைக்காலப் பணம் எதுவும் பலகையோடு கழன்று போகாது. தோட்டமே வேறு கம்பனிக்குக் கைமாறினால் அது வேறு விஷயம். அப்போது எந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போடுமுன் சங்கத்துக்கு வாருங்கள்.

இன்றே செய்ய வேண்டியது: பழைய சம்பளச் சீட்டுகளை எறியாதீர்கள். சேமலாப நிதி அங்கத்துவ இலக்கத்தை எழுதி வையுங்கள். அடையாள அட்டையில் உள்ள பெயரும் நிதிப் பதிவில் உள்ள பெயரும் ஒன்றா என்று பிள்ளைகளை விட்டு எழுத்தெழுத்தாகப் பார்க்கச் சொல்லுங்கள். பிழை இருந்தால் வேலையில் இருக்கும்போதே திருத்துவோம்.

பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுப்பது இதற்கும்தான்.