செல்லுக்கு அவகாசம் கொடுங்கள்



தமிழ்க் கூட்டத்தில் டி.என்.ஏ.வுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நம் மண்ணில் பிறந்த ஒருவரிடமிருந்தே தொடங்குகிறேன். 1879 டிசம்பர் 30. திருச்சுழியில், இன்று சுந்தர மந்திரம் என்று நாம் போற்றும் வீட்டில், வக்கீல் சுந்தரம் ஐயருக்கும் அழகம்மாளுக்கும் ஒரு பிள்ளை பிறந்தது. வேங்கடராமன் என்று பெயர் வைத்தார்கள். உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிந்தது. 1948 இறுதியில் அவருடைய இடது கையில் ஒரு கட்டி கிளம்பியது. 1949இல் அறுத்தார்கள். மறுபடி வளர்ந்தது. மறுபடி அறுத்து ரேடியம் வைத்தார்கள். அதற்கும் அடங்காமல் வந்தது. சார்கோமா என்னும் புற்றுநோய். 1950 ஏப்ரல் 14 அன்று திருவண்ணாமலையில் அவர் உடலை விட்டார்.

அந்த ரேடியம் என்ன செய்யும்? செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழையை அறுக்கும். அறுந்தால் செல் சாகும். அதுதான் வைத்தியம். ஆனால் அறுந்ததைத் திரும்ப இணைத்துக்கொள்ளும் ஆட்கள் செல்லுக்குள்ளேயே இருக்கிறார்கள் என்பது அன்றைய மருத்துவ உலகத்துக்குத் தெரியாது. டி.என்.ஏ. இரட்டை இழை என்பதே 1953இல்தான் தெரிந்தது.

அதே காலத்தில் அமெரிக்காவில் ஆல்பர்ட் கெல்னர் என்ற ஆராய்ச்சியாளர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரை எடுத்துப் புறஊதாக் கதிரில் வாட்டிக்கொண்டிருந்தார். ஒரு தடவை எல்லாம் செத்தன, இன்னொரு தடவை ஏராளமாகப் பிழைத்தன. கணக்கு நிற்கவில்லை. தேடித் தேடிப் பார்த்தபோது காரணம் அகப்பட்டது. சாதாரண வெளிச்சம்! கதிரில் அடிபட்ட உயிரை வெளிச்சத்தில் வைத்தால் அது எழுந்து உட்காருகிறது. உயிர் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்கிறது என்பதற்குக் கிடைத்த முதல் பலமான சாட்சிகளில் அது ஒன்று.

நம்முடையது வானம் பார்த்த பூமி. வெயிலைப் பற்றி யாரும் நமக்குப் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் அந்த வெயிலில் இருக்கும் புறஊதாக் கதிர் தோலுக்குள் என்ன செய்கிறது என்று சொல்கிறேன். டி.என்.ஏ. என்பது அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்னும் நான்கு எழுத்துகளால் எழுதப்பட்ட நீண்ட வரி. ஒரு செல்லில் இருப்பதை இழுத்து நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர். அடுத்தடுத்து இரண்டு தைமின்கள் இருக்கும் இடத்தில் கதிர் பட்டால் அவை இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இழை வளைந்துபோகும். அந்த இடத்தைச் செல்லால் படிக்க முடியாது.

இப்போது ஒரு பருத்திக் காட்டை நினைத்துப் பாருங்கள். நடுப்பகல். செடியும் வெயிலில் நிற்கிறது, பருத்தி எடுக்கும் அம்மாவும் வெயிலில் நிற்கிறார். செடிக்குள் ஃபோட்டோலயேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. அது வெளிச்சத்தையே சக்தியாக எடுத்துக்கொண்டு, ஒட்டிப்போன இரண்டு தைமின்களையும் நேரடியாகப் பிரித்துவிடும். கண்மாயில் இருக்கும் தவளைக்கு அது உண்டு, மீனுக்கு உண்டு, பறவைக்கு உண்டு, கங்காருவுக்குக்கூட உண்டு. நமக்கு இல்லை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் இல்லை. நம்முடைய பாலூட்டி முன்னோர்கள் பரிணாமத்தின் வழியில் எங்கோ அதைத் தொலைத்துவிட்டார்கள்.

அப்படியானால் அந்த அம்மாவை யார் காப்பாற்றுவது? இரண்டு காவல். முதலாவது அவருடைய கருப்பு நிறம். மெலனின் என்னும் நிறமி தோல் செல்லின் உட்கருவுக்கு மேற்பக்கமாக, கதிர் வரும் திசையில், குவிந்து நிற்கிறது. டி.என்.ஏ.வைத் தொடுவதற்கு முன்பே கதிரை வாங்கிக்கொள்கிறது. நம் மக்களிடம் தோல் புற்றுநோய் குறைவாக இருப்பதற்கு இதுவே பெரிய காரணம். தங்கைகளே, சிவப்பழகு கிரீம் விற்பவன் எதைக் கழுவிவிடச் சொல்கிறான் என்று யோசியுங்கள். கரிசல் காட்டில் உங்களுக்குத் துணை நிற்பதைக் கழுவச் சொல்கிறான்.

இரண்டாவது காவல் எப்படி வேலை செய்கிறது என்று காட்டியவர் அசீஸ் சான்ஜார். துருக்கியின் தென்கிழக்கில் சாவூர் என்னும் சிற்றூரில் 1946இல் பிறந்தவர். எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது. தாயும் தகப்பனும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், ஆனால் பிள்ளைகளைப் படிக்க வைத்தே தீர்வது என்று நின்றவர்கள். மருத்துவம் படித்து, சொந்த ஊர்ப் பக்கத்திலேயே வைத்தியம் பார்த்துவிட்டு அமெரிக்கா போனார். 1983இல் அவர் நுண்ணுயிரில் காட்டியது இது: சில புரதங்கள் சேர்ந்து இழையில் வளைந்த இடத்தைக் கண்டுபிடிக்கின்றன. இரண்டு பக்கமும் வெட்டுகின்றன. கெட்ட துண்டை எடுக்கின்றன. எதிர் இழையைப் பார்த்து வேறொரு நொதி புதிதாக எழுதி நிரப்புகிறது. கடைசியில் லிகேஸ் என்னும் நொதி முனைகளை ஒட்டுகிறது. மனிதச் செல்லிலும் இதே முறைதான். பதினைந்துக்கும் மேற்பட்ட புரதங்கள் கூடி ஏறத்தாழ 27 எழுத்துள்ள ஒரு துண்டை எடுத்து மாற்றுகின்றன. 2015ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசை சான்ஜாரும் தாமஸ் லிண்டாலும் பால் மாட்ரிச்சும் பகிர்ந்துகொண்டார்கள். தன் பதக்கத்தை சான்ஜார் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. துருக்கிக் குடியரசை நிறுவிய அடாதுர்க்கின் நினைவிடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். எழுத்தறியாத வீட்டுப் பிள்ளையைப் படிக்க வைத்த குடியரசுக்கு அவர் செலுத்திய நன்றி அது. நம் ஊர் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அவர் பெயரை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

லிண்டால் சொன்னது இன்னும் வியப்பானது. வெயிலே படாவிட்டாலும், உடம்பின் சூட்டிலும் நீரிலுமே டி.என்.ஏ. சிதைந்துகொண்டிருக்கிறது. ஒரு செல்லில் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் எழுத்து அளவில் உதிர்கிறது. இந்தப் பழுதை நீக்கும் நொதிகள் இல்லாவிட்டால் உயிர் என்று ஒன்று நிலைத்திருக்காது என்று அவர் உறுதியாக நம்பித் தேடினார். 1974இல் அப்படி ஒரு நொதியைக் கண்டுபிடித்தார்.

இந்த வேலை அத்தனையும் செய்பவை புரதங்கள். புரதத்துக்கு அதன் வடிவம்தான் திறமை. அந்த வடிவம் எப்படியெல்லாம் மடங்கலாம், எப்படி மடங்க முடியாது என்று உலகத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்த இடம் சென்னைப் பல்கலைக்கழகம். ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் மூவரும் 1963இல் வெளியிட்ட அந்த வரைபடத்தை வைத்துத்தான் இன்றும் உலகில் எந்தப் புரதத்தின் வடிவத்தையும் சரிபார்க்கிறார்கள். ராமச்சந்திரனுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. கிடைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, இவ்வளவு ஆட்கள் இருந்தும் புற்றுநோய் ஏன் வருகிறது? இதைச் சொல்லத்தான் வந்தேன். பழுது நீக்க நேரம் வேண்டும். வெயிலில் ஒட்டிய தைமின்களில் கணிசமானவை மறுநாளும் அப்படியே கிடக்கும். அதற்குள் செல் இரண்டாகப் பிரிந்துவிட்டால் பிழை நிலைத்துவிடும். அதனால்தான் பி53 என்று ஒரு புரதம் காவலுக்கு இருக்கிறது. அருப்புக்கோட்டை நெசவாளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாவில் ஓர் இழை அறுந்தால் என்ன செய்வீர்கள்? தறியை நிறுத்துவீர்கள். இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்ட பிறகுதான் மறுபடி ஓட்டுவீர்கள். நிறுத்தாமல் ஓட்டினால் சேலை முழுக்கக் கோடு விழும். பி53 அப்படிச் செல்லை நிறுத்தி வைக்கிறது. முடியவே முடியாது என்றால் செல்லைச் சாகச் சொல்கிறது. அந்த பி53ஐ எழுதியிருக்கும் டி.என்.ஏ.வே கெட்டுவிட்டால்? நிறுத்த ஆள் இல்லை.

அதைக் கெடுப்பது எது? திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்கள் இந்தக் கூட்டத்தில் இருப்பீர்கள். சீமைக்கருவேல விறகை அடுக்கி மண் போட்டு மூடி, நாள் கணக்கில் புகைய விடுகிறீர்கள். விறகுப் புகையிலும் பீடிப் புகையிலும் பென்சோபைரீன் என்ற பொருள் இருக்கிறது. உடம்பு அதைக் கரைத்து வெளியேற்றப் பார்க்கும்போது, நம் நொதிகளே அதை டி.என்.ஏ.வில் ஒட்டும் பொருளாக மாற்றிவிடுகின்றன. 1996இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பி53 மரபணுவில் அது போய் ஒட்டும் இடங்களும், நுரையீரல் புற்றுநோயில் அந்த மரபணு கெட்டிருக்கும் முக்கிய இடங்களும் ஒன்றே என்று காட்டியது.

அதைவிட எனக்கு நெஞ்சு கனப்பது போயிலையைப் பற்றிப் பேசும்போதுதான். வெற்றிலையோடு கன்னத்தில் அடக்கி வைக்கும் போயிலையில் நைட்ரோசமின்கள் இருக்கின்றன. அவை குவானைன் எழுத்தின் மேல் ஒரு சின்ன மீத்தைல் துணுக்கை ஏற்றிவிடும். அந்தக் குவானைனை அடினைன் என்று செல் தவறாகப் படிக்கும். அதைச் சரி செய்ய எம்.ஜி.எம்.டி. என்று ஒரு புரதம் இருக்கிறது. அது என்ன செய்கிறது தெரியுமா? அந்தத் துணுக்கைப் பிடுங்கித் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. வாங்கியதும் அதன் ஆயுள் முடிந்தது. இன்னோர் இடத்தைச் சரி செய்ய அதனால் முடியாது. செல் அதை அழித்துவிடும். ஒரு பழுதுக்கு ஒரு புரதம்! செல் புதிதாகச் செய்து அனுப்புகிறது, அதுவும் போய் ஒரு பழுதோடு முடிகிறது. காலையில் அடக்கிய போயிலை மதியத்துக்கும் இரவுக்கும் தொடர்ந்தால் அந்தப் புரதம் எத்தனைதான் பிறந்து வரும்?

கொஞ்சம் கொஞ்சமாக வரும் சேதத்தை உடம்பு தாங்குகிறது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் 1909இல் மோனசைட் மணலைக் கண்டுபிடித்தார்கள். இயற்கையாகவே கதிர் வீசும் மணல். அதே வகை மணல் கிடக்கும் கேரளத்துக் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரை ஆண்டுக் கணக்கில் கவனித்து 2009இல் முடிவு வெளியிட்டார்கள். கதிர் கூடிய இடத்தில் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. கதிருக்குப் பயம் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. மெல்ல வரும் சேதமும், ஒரே இடத்தில் மணிக்கணக்கில் அடக்கி வைத்து ஏற்றும் சேதமும் ஒன்றாக மாட்டா என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள். சிலர் பிறக்கும்போதே இந்தப் பழுதுநீக்கும் புரதங்களில் ஒன்று சரியில்லாமல் பிறக்கிறார்கள். ஜெரோடெர்மா பிக்மென்டோசம் என்று அந்த நோய்க்குப் பெயர். வெயில் பட்ட இடமெல்லாம் புள்ளி விழும், சின்ன வயதிலேயே தோல் புற்றுநோய் வரும். இந்தப் பிள்ளைகளின் செல்களால் பழுது நீக்க முடியவில்லை என்று 1968இல் ஜேம்ஸ் கிளீவர் கண்டுபிடித்தார். தாய், தகப்பன் இருவரிடமும் அந்தக் கெட்ட மரபணு ஒவ்வொன்று மறைந்திருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. அபூர்வமான நோய்தான். ஆனால் நெருங்கிய சொந்தத்தில் கட்டும்போது மறைந்திருக்கும் இரண்டும் சந்திக்கும் வாய்ப்பு கூடுகிறது. தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள் நடக்கின்றன. அக்கா மகளைத் தம்பிக்கு எடுப்பது பாசத்தால் என்று எனக்குத் தெரியும். அந்தப் பாசத்தோடு, பிறக்கப்போகும் பிள்ளையையும் நினைத்துப் பாருங்கள்.

கரிமூட்டம் நடத்தும் முதலாளிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். கூலியாட்களின் குடிசையைப் புகை போகும் திசையில் போட விடாதீர்கள். முகத்தில் கட்டும் துண்டு இந்தப் புகையைத் தடுக்காது. மூட்டத்தின் அருகே ஆள் நிற்கும் நேரத்தை முறை மாற்றிக் குறையுங்கள்.

போயிலை போடும் அப்பாமார்களே, அம்மாமார்களே, இன்றைக்கே விடுங்கள். வாய்க்குள் ஆறாத புண்ணோ, வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு படையோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், வலிக்கவில்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். ஆரம்பத்தில் வலிக்காது. நாளைக் காலையிலேயே அரசு மருத்துவமனைக்குப் போய் வாயைத் திறந்து காட்டுங்கள். துணைக்கு ஆள் இல்லாதவர்கள், கூட்டம் முடிந்ததும் மேடைக்குக் கீழே நிற்கும் இந்தத் தம்பிகளிடம் பெயரும் ஊரும் சொல்லிவிட்டுப் போங்கள். அவர்கள் கூட்டிக்கொண்டு போவார்கள்.