கயிறு பிடிப்பவர்

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



குடியை விட முடியுமா என்று எங்களிடம் கேட்காத வாரம் இல்லை. கேட்பவர் பெரும்பாலும் மனைவி. சில வேளை தாயார். முடியும் என்றுதான் சொல்லுவோம். எப்படி என்பதில் நாங்கள் நெடுங்காலம் தவறு செய்துவந்தோம்.

முன்பெல்லாம் வேதாகமத்தின்மேல் கைவைத்துச் சத்தியம் பண்ணச் சொல்லுவோம். சங்கு குளிக்கும் சகோதரர் ஒருவர் அப்படிச் சத்தியம் பண்ணி, அன்றே அடியோடு நிறுத்தினார். மூன்றாம் நாள் கைகால் நடுங்கி, இல்லாத ஆட்களோடு பேசி, வலிப்பு கண்ட நிலையில் தூக்கிவந்தார்கள். வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இப்படி ஆகலாம், உயிரும் போகலாம். முதலில் அவருக்கு வேண்டியது மருத்துவரும், மருந்தும், பி1 வைட்டமினும். நாங்களோ முந்திக்கொண்டு சத்தியம் வாங்கிவிட்டோம்.

தேறி வீடு போனவர் சில வாரங்களில் மறுபடி குடித்தார். சத்தியம் உடைந்ததே என்ற வெட்கத்தில் ஆலயத்துக்கும் வரவில்லை. நாங்கள் வாங்கிய சத்தியமே அவரை ஒளியவைத்தது.

மறுபடி விழுவது புதிதல்ல. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடிநோயோடு போராடிய பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் சந்தித்தார்கள். நிறுத்திய சில வாரங்களில் டாக்டர் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் மீண்டும் குடித்துவிட்டார். பில் அவரைத் தள்ளிவிடவில்லை. ஜூன் 10 அன்று குடித்ததே டாக்டரின் கடைசிக் குடி. அந்த நாளையே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' தன் பிறந்தநாளாக வைத்திருக்கிறது.

நம் சென்னையில், கணவரைக் குடிக்கு இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் டி.டி.கே. சிகிச்சை மையத்துக்கான அறக்கட்டளையைத் தொடங்கினார். குடியை நோயாகவே பார்த்து, வீட்டாரையும் ஆலோசனைக்கு உட்காரவைத்தார்கள். அதுதான் எங்களுக்குப் பாடமானது.

இந்தக் கரையில் முத்துக்குளித்த காலத்தில் குளியாளி கல்லோடு இறங்குவார். மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கயிறு அசைந்ததும் இழுப்பார், கேள்வி கேட்கமாட்டார்.

நம் சகோதரருக்கும் ஓர் ஆளைத் தேடினோம். குடியை விட்டுப் பல வருஷமான மூத்த குளியாளி ஒருவர், கூலி கைக்கு வரும் நேரம் பார்த்துத் தினமும் அவரோடு வீடுவரை நடந்தார். டாஸ்மாக் கடை இல்லாத சுற்றுவழி. கால் மணி நேரம் கூடுதல். பணம் நேரே மனைவி கைக்குப் போனது.

அதன் பின்னும் ஒருமுறை குடித்தார். ஆனால் மறுநாள் காலையில், யாரும் தூக்கிவராமல், தாமே நடந்து வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்.